சொட்டாத கூரைக்காகப் பேரிகைக்கு

ஓசூரில் நான் வாங்கிய முதல் பொருள் ஒரு குரங்குக் குல்லாய். தமிழ்நாடு என்றால் வெயில் என்றுதான் மலாய் நாட்டில், கிள்ளானில் பிறந்து வளர்ந்த என் மனத்தில் பதிந்திருந்தது. பெட்டி நிறையப் பருத்திப் புடவைகள். தை மாதக் காலையில் பேருந்து நிலையத்துக்கு வெளியே இறங்கி நின்றபோது பல் தந்தியடித்தது. தள்ளுவண்டியில் குல்லாய் விற்றவர் என்னைப் பார்த்ததுமே ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

"இதுக்குக் குட்டி இங்கிலாந்துன்னு பேரு மேடம். வெள்ளைக்காரனே குளிருக்காகத்தான் இங்க வந்து உக்காந்தான்" என்றார்.

"நான் பொரியல் கறி திங்க வந்தேன், குளிருக்கு வரல" என்றேன். பக்கத்தில் நின்ற முனிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். குல்லாயோடு என்னைப் படம் எடுத்து, கிள்ளானில் இருக்கும் அவனுடைய பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பியும் விட்டான்.

முனிராஜ் எங்கள் தொழிற்சாலையில் சில வருடங்கள் பேக்கிங்கில் இருந்தவன். இப்போது ஊரோடு வந்து சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறான். என்னை இங்கே இழுத்து வந்தவன் அவன்தான். எங்கள் கம்பெனியில் பூச்சு தயாரிக்கிறோம். ரப்பர் கையுறையின் உட்புறத்தில் கை வழுக்கிக்கொண்டு நுழைவதற்கு ஒரு பூச்சு, முகக் கவசத்தில் மூச்சுப் பட்டு மங்காமல் இருக்க ஒரு பூச்சு. பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் கல்யாண வீடுகளில் என் வேலையை யாருக்கும் விளக்க முடிவதில்லை. சாதாரணச் சாயம் மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஒரு நாள் உரிந்துவிடும். எங்கள் பாலிமர் வினைபுரியும் ஜாதி. அதன் ஒரு முனை பிளாஸ்டிக்கின் மேல்தோலை இறுகப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரை வா வா என்று அழைக்கும். வந்த தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய தகடாகப் பரவி வழிந்துவிடும்.

இதை நினைவில் வைத்திருந்த முனிராஜ், ஒரு நாள் போன் செய்தான். "அக்கா, அந்தக் கண்ணாடி மங்காத மருந்து எங்க அக்கா ரோஜா வளக்கற ஷெட்டுக்கு ஆகுமா? பிளாஸ்டிக் கூரை சொட்டிக்கினே இருக்குதுக்கா. ரோஜாவெல்லாம் அழுகிப் போவுது."

இதுவரை யாரும் அந்தப் பூச்சைக் கூரையில் அடித்துப் பார்த்ததில்லை. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, "போய் அடித்துப் பார், கூடவே ஊரையும் பார்த்துவிட்டு வா" என்று டின்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நல்ல மனிதர், சீனர். என்னைவிட அவருக்குத்தான் என் பூர்வீகத்தைப் பற்றி அக்கறை அதிகம்.

பசியாற ஒரு சிறு ஓட்டலுக்குள் நுழைந்தோம். தட்டு இட்லி வந்தது. எங்கள் ஊர் இட்லி நான்கைச் சேர்த்துத் தட்டையாக்கினால் இந்த அளவு வரும். பரிமாறியவர் என்னிடம் தமிழிலும், முனிராஜிடம் தெலுங்கிலும், பின்னால் இருந்தவரிடம் கன்னடத்திலும் பேசினார். மூச்சு வாங்கக்கூட இல்லை. பின்னால் இருந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "சாம்பார்ல வெல்லம் போட்டா கர்நாடகா, போடலன்னா தமிழ்நாடு, இந்த ஓட்டலு எந்த மாநிலம்னு தெரியலன்னு சொல்றாருக்கா" என்று முனிராஜ் மொழிபெயர்த்தான். எங்கள் ஊரிலும் ஒரே மேசையில் மலாய், சீனம், தமிழ் மூன்றும் புழங்கும். அதனால் எனக்கு அங்கே வேற்றூர் என்ற எண்ணமே வரவில்லை. சாம்பாரில் வெல்லம் இருந்தது.

ஓசூரை அடுத்த பேரிகை கிராமத்தில் முனிராஜின் அக்கா நாகவேணி, வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். ரோஜா முள் கீறிய கைகள், சிரிக்கும்போது கண் இரண்டும் காணாமல் போய்விடும் முகம். இரவுச் சாப்பாட்டுக்கு ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் குழம்பு. எனக்காக மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிதுக்கியிருக்கிறாள். களியை நான் மென்று தின்பதைப் பார்த்து வீடே சிரித்தது. குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். முயன்றேன். இரண்டாவது உருண்டையில் தேறிவிட்டேன், மூன்றாவதைக் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விஷயம் வந்தது. நாகவேணியின் கணவர் கோபாலப்பா அமைதியான மனிதர். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேடம், நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க, மறைக்கக் கூடாது. கோஸ் நாத்துக்குச் சொல்லி வெச்சுட்டேன். இந்த வாரக் கடைசில வண்டி வந்துரும். ரெண்டு சீசனா பூவு மார்க்கெட்டுல இருந்து திரும்பித் திரும்பி வருது. இனிமே செடியைப் புடுங்கிட்டு கோஸ் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

நாகவேணி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நாத்து வர்றதுக்குள்ள சொட்டு நின்னுச்சுன்னா?" என்றாள்.

"நின்னா பாக்கலாம்" என்றார் அவர். இருவரும் இதைப் பலமுறை பேசி முடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த ஷெட்டில் செடி நட்டதும், கவாத்து செய்வதும், மொட்டு பார்த்து வெட்டுவதும் நாகவேணிதான். கோஸ் வந்தால் அவளுக்கு வேலை குறையும். ஆனால் குறையட்டும் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஷெட்டுக்குள் போனேன். வெளியே பனி, உள்ளே மழை! கூரையின் பிளாஸ்டிக் தாளில் உள்பக்கம் முழுக்க நீர்முத்துகள் தொங்கின. காற்று லேசாக அசைத்தாலே பொலபொலவென்று கொட்டின. என் குல்லாய் நனைந்துவிட்டது. ஒவ்வொரு மொட்டுக்கும் வெள்ளை வலைத் தொப்பி மாட்டியிருந்தாள். நானும் குல்லாய், ரோஜாவும் குல்லாய். நாகவேணி ஒரு தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். சிவப்பு இதழின் விளிம்பில் காப்பிக்கறை போல ஒரு பழுப்பு. "ஒரு சொட்டு போதும்க்கா, பூஞ்சை புடிச்சுக்கும். காதலர் தினத்துக்குப் போற பூவுல கறை இருந்தா எவன் வாங்குவான்?" என்றாள்.

அன்று முழுக்க தாளைத் துடைத்தோம். பூச்சு பிளாஸ்டிக்கைப் பிடிக்க வேண்டுமானால் நடுவில் தூசியோ பாசியோ இருக்கக் கூடாது. அப்புறம் செடிகளை மூட வேண்டும். நாகவேணி தன் ஓரகத்திகள், நாத்தனார்கள் எல்லோருடைய பழைய புடவைகளையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முனை முனையாக முடிந்து வரிசைகளின் மேல் விரித்தபோது ஷெட்டு கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. எந்தப் புடவை யார் கல்யாணத்துக்கு எடுத்தது, யார் எடுத்துக் கொடுத்தது, அதில் யாருக்கு மனத்தாங்கல் என்று ஒரு வரிசைக்கு ஒரு கதை கேட்டேன். கிள்ளானில் இப்படி ஒரு நாளை நான் தொழிற்சாலையில் கழித்ததே இல்லை.

மூன்றாம் நாள் காலை, ஸ்பிரேயரையும் கம்ப்ரஸரையும் வாடகைக்கு எடுக்க முனிராஜோடு ஓசூர் போனேன். திரும்பும்போது நெடுஞ்சாலையில் சானமாவு காட்டுப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. விபத்தோ என்று பயந்தேன். வனத்துறைக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, "யாரும் ஆரன் அடிக்காதீங்க, இஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யானைகள் சாலையைக் கடக்க வேண்டுமாம்.

யானைகளோ அவசரம் காட்டவில்லை. மரங்களுக்கு நடுவே சாம்பல் நிற முதுகுகள் தெரிந்தன, மறைந்தன, மறுபடி தெரிந்தன. முன்னால் நின்ற லாரியில் மோட்டார் பைக்குகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. பின்னால் ஒரு கம்பெனி பஸ். யூனிபார்ம் போட்ட பெண்கள் இறங்கி வந்து செல்பி எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி திருநெல்வேலிப் பக்கமாம். "எங்க சூப்பர்வைசர்ட்ட யானை வந்துச்சின்னு சொன்னா, தெனமும் ஒனக்கு மட்டும் யானை வருதோன்னு கேப்பாரு" என்றாள். சாட்சிக்கு என்னையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். கிள்ளான் நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். அன்று ஒரு முறைகூடத் திட்டவில்லை. கடைசியில் பெரிய யானை ஒன்று தார்ச்சாலையில் கால் வைத்து, நின்று எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. அதன் பின்னால் குட்டி ஓடிவந்தது. பஸ் பெண்கள் ஆரவாரம் செய்யாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும்தான்.

ஆக, காலையில் தொடங்க வேண்டிய வேலை உச்சி வெயிலில் தொடங்கியது. எனக்கு அதில் வருத்தமில்லை. வெயில் நல்லது, சீக்கிரம் காயும் என்று நினைத்தேன். வந்ததும் வராததுமாக அதிகாரம் செய்ய ஆரம்பித்தேன். "பக்கத் திரையெல்லாம் சுருட்டி ஏத்துங்க. செடிக்குப் பனி மாதிரி தண்ணி அடிக்கிற ஃபாகரை நிறுத்துங்க. பூச்சு காயற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரக் கூடாது, சொல்லிட்டேன்!" எங்கள் தொழிற்சாலையில் இது பாலபாடம். டின்னைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஈரக்காற்று பட்டுப் பூச்சு கட்டியாகிவிடும். தண்ணீர்தான் எங்களுக்கு எதிரி.

முனிராஜ் ஏணியில் ஏறிக் கூரையின் உள்பக்கம் அடித்தான். நான் கீழே நின்று, "இடது, இன்னும் இடது, விட்டுட்டே பாரு" என்று கத்தினேன். முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம்.

திரும்பி வந்தால் ஷெட்டின் வாசலில் நாகவேணி சொம்போடு நிற்கிறாள். கையில் மாவிலைக் கொத்து. வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்திருக்கிறாள். வாசலை ஒட்டித் தோள் உயரத்துக்கு வளைந்து இறங்கும் தாளில், அப்போதுதான் பூசிய என் பூச்சின் மேல், மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள்.

"அலாமாக்! ஐயையோ, என்னம்மா செஞ்சே?" என்று அலறிவிட்டேன்.

"மஞ்சத் தண்ணிக்கா. புதுசா ஒரு வேலை செஞ்சா தெளிக்காம எப்படி வுடறது?"

"ஒரு சொட்டுத் தண்ணி கூடாதுன்னு தலையில அடிச்சிக்கிட்டேனே!"

"அது தண்ணி. இது மஞ்சத் தண்ணிதானே?" என்றாள் அவள், உண்மையாகவே புரியாமல். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

கிள்ளானில் ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிற பூச்சு அது. இங்கே வெயில் சாய்ந்த பிறகும் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. நடுவில் தொட்டேன், ஓரத்தில் தொட்டேன், ஏணியில் ஏறி உச்சியில் தொட்டேன். எல்லா இடத்திலும் பாகு. இருட்டினால் பனி இறங்கும். நீர்முத்துகள் சேர்ந்து, காயாத பூச்சைக் கழுவி, புடவைகளையும் தாண்டி மொட்டுகளின் மேல் கொட்டிவிடும். இருக்கிற பூவும் போய்விடும். கோபாலப்பா வந்து தானும் தாளைத் தொட்டார், வேட்டியில் விரலைத் துடைத்தார், வெளியே போய்ப் போனை எடுத்தார். தெலுங்கில் ஏதோ பேசினார். "நாளைக்கே நாத்தை ஏத்தி வுடுன்றாரு" என்று முனிராஜ் என் காதில் மெல்லச் சொன்னான். நாகவேணிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு செடியின் மேலிருந்த புடவையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி மறுபடி சரிசெய்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், அந்த மஞ்சள் புள்ளிகளையாவது துடைப்போம் என்று துணியோடு போனேன். கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே. அழுத்தித் துடைத்தேன். மஞ்சள் போயிற்று. ஆனால் துணி ஒட்டவில்லை. விரலால் தடவினேன். புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம், கண்ணாடி மாதிரி வழவழவென்று இறுகியிருந்தது. வட்டத்துக்கு வெளியே பாகு. அடுத்த புள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பூச்சு இறுகுவதற்கே காற்றிலிருக்கும் ஈரம் வேண்டும். வினை நடப்பதே அதை வைத்துத்தான். எனக்கு அது தெரியாதா? பாடமாகவே படித்தது. ஆனால் நான் வாழ்ந்ததெல்லாம் கிள்ளானில். அங்கே ஈரம் காற்றோடு இலவசமாக வரும், சட்டையே காயாது. அதிகமாக வரும் ஈரத்தை விரட்டி விரட்டியே பழகிவிட்டவள், காய்ந்த ஓசூர் வெயிலில் வந்து நின்று, இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் திரையை ஏற்றி வெளியே அனுப்பிவிட்டிருக்கிறேன்!

"நாகவேணி! திரையெல்லாம் இறக்கு! ஃபாகரைப் போடு!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி கூடாதுன்னீங்களேக்கா?"

"இப்ப வேணும். மழை மாதிரி வேணாம், புகை மாதிரி. கொஞ்சம் விட்டு நிறுத்து, மறுபடி விடு."

நால்வரும் ஓடினோம். கோபாலப்பாகூடத் திரை இறக்க வந்தார். ஃபாகர் முனைகளிலிருந்து வெண்புகை எழும்பி, புடவைப் பந்தலுக்கு மேல் மிதந்து, கூரையைத் தடவியது. நாகவேணி மோட்டார் சுவிட்சருகே நின்று நான் கையை உயர்த்தினால் போட்டாள், தாழ்த்தினால் நிறுத்தினாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் ஏணியில் ஏறித் தொட்டேன். ஒட்டவில்லை. இன்னோர் இடம். ஒட்டவில்லை. ஏணியிலிருந்தபடியே ஒரு ஆட்டம் போட்டேன். முனிராஜ் பயந்துபோய் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் இறுகியது வேறு, சொட்டாமல் இருப்பது வேறு. அது விடிந்தால்தான் தெரியும்.

விடியலில் பனி கொட்டியது. எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. நாகவேணிதான் முதலில் உள்ளே நுழைந்து புடவைகளை எடுத்தாள். எனக்குக் காலெடுத்து வைக்கத் தைரியம் வரவில்லை, வாசலிலேயே நின்றேன். உள்ளேயிருந்து "அக்கா, வாங்க" என்று குரல் வந்தது.

கூரை முழுக்க நனைந்துதான் இருந்தது. ஆனால் முத்து ஒன்றுகூடத் தொங்கவில்லை. தாளின் வளைவைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நழுவி இறங்கி, இரு பக்கத்துக் கால்வாயிலும் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. கூரை வழியே வானம் வெளுப்பது தெரிந்தது. இத்தனை வருடங்களில் நான் செய்த பூச்செல்லாம் பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிடும். அது வேலை செய்வதை ஒரு மனுஷியின் பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை.

கோபாலப்பா வந்தார். அண்ணாந்து பார்த்தார். நம்பாமல், கூரையைத் தாங்கும் குழாயை ஓங்கித் தட்டினார். இணைப்பிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. அவ்வளவுதான். இன்னொரு குழாயைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தபடி வாசல் பக்கம் போனார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, இந்த முறை தமிழிலேயே பேசினார்.

"நான் கோபாலப்பா பேசறேன். வண்டி கெளம்பிடுச்சா? கெளம்பலன்னா வுட்டுடு. நாத்து வேணாம்ப்பா, வேற யாருக்காச்சும் குடுத்துடு... இல்லப்பா, வீட்ல ரோஜாவே இருக்கட்டும்னு ஒரே புடியா நிக்கறாங்க, நான் என்னா பண்றது?"

நாகவேணி அதற்குள் நாலைந்து வரிசை தள்ளிப் போயிருந்தாள். அங்கிருந்து கத்தினாள்.

"நான் எப்போ சொன்னேன்? வாயே தொறக்கலியே!"

கோபாலப்பா போனைக் கையால் மூடிக்கொண்டார். "அப்போ வரச் சொல்லட்டா?"

"வரட்டும். அந்த வண்டியிலேயே உங்களையும் ஏத்தி அனுப்பிடறேன்!" என்றாள் நாகவேணி. சொல்லிவிட்டு ஒரு மொட்டின் வலைத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கடுத்ததை. சிரித்துச் சிரித்து அவளுடைய கண் இரண்டும் காணாமல் போயிருந்தன. இனி எந்த மொட்டைப் பார்த்தாலும் நனையாமல்தான் இருக்கும் என்பதுபோல, கையால் தடவிக்கொண்டே வரிசையின் கடைசிவரை நடந்தாள்.